லூயிஸ் கொன்ஸாகா: எட்டு பாஸ் பெட்டியிலிருந்து 120 பாஸுக்கு – விவாத இழை

#1 – துருத்திப்பெட்டி

பிரேசில் வடகிழக்கு இசை என்று பேச்சு எடுத்தாலே லூயிஸ் கொன்ஸாகாவை ‘பயாவோவின் அரசர்’ (பயாவோ அந்தப் பகுதியின் ஆட்டத் தாளம்) என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறோம். அவர் மடியில் இருந்த அக்கார்டியன் அங்கே எப்படி வந்தது, அதில் அவர் என்ன செய்தார் என்பதை யாரும் தொடுவதில்லை. அதற்காகவே இந்த இழை.

அடிப்படைத் தகவல்கள் முதலில். பிறப்பு 13 டிசம்பர் 1912. பெர்னாம்புகோ மாநிலத்தின் மேற்கு மூலையில், அராரிப்பே பீடபூமியின் அடிவாரத்தில் உள்ள எஷு. அப்பா ஜனுவாரியோ நிலத்தில் பாடுபட்டவர். வார இறுதி ஆட்டங்களுக்கு எட்டு பாஸ் அக்கார்டியன் (இடது பக்கம் எட்டே பாஸ் பட்டன் உள்ள சின்னப் பெட்டி) வாசிப்பார், சுற்றுவட்டாரத்துப் பெட்டிகளைப் பழுதும் பார்ப்பார். பையன் கற்றுக்கொண்டது அந்தப் பட்டறையில்தான். பழுதுக்கு வந்த பெட்டியைச் சரிபார்க்க யாராவது வாசித்துப் பார்க்க வேண்டுமே! முதல் சொந்தப் பெட்டிக்குப் பாதிப் பணம் கொடுத்தவர் உள்ளூர்ப் பெரிய மனிதர் கர்னல் மனுவேல் ஐரிஸ்.

1930-ல் ஒரு காதல் விவகாரம், அம்மாவிடம் அடி, வீட்டை விட்டு ஓட்டம். ஃபோர்த்தலேசாவில் ராணுவத்தில் சேர்ந்து 1939 வரை இருந்தார். அங்கே அவர் ஊதியது கொம்பு. மினாஸ் ஜெராயிஸில் இருந்தபோது டொமிங்கோஸ் அம்ப்ரோசியோ என்ற வாசிப்பாளரிடம் பியானோ அக்கார்டியன் கற்றார். ராணுவத்திலிருந்து வெளியே வந்து ரியோவில் துறைமுகத்தை ஒட்டிய மதுக்கடைகளில் டாங்கோ, வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட் வாசித்துப் பிழைத்தார். சியாரா மாநிலத்து மாணவர்கள் சிலர் ‘நம்ம ஊர்ப் பாட்டு வாசிக்க மாட்டாயா’ என்று கேட்டதுதான் திருப்பம். அதன் பிறகு ஆரி பாரோசோவின் வானொலிப் போட்டியில் ‘விரா இ மெஷி’ வாசித்து முழு மதிப்பெண் வாங்கினார். 1941 மார்ச்சில் ஆர்சிஏ விக்டர் இசைத்தட்டு நிறுவனத்தில் முதல் சொந்த இசைத்தட்டுப் பதிவு. வெறும் வாசிப்புதான், பாட விடவில்லை. குரல் பதிவாக 1945 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

என் வாதம் இது: கொன்ஸாகா 120 பாஸ் பெட்டியை, அதாவது பெரிய பியானோ அக்கார்டியனை, எடுத்த பிறகும் விரல்தான் பியானோ அக்கார்டியனில் இருந்தது. துருத்தி கடைசி வரை அப்பாவின் எட்டு பாஸ் பெட்டியாகவே ஓடியது. மறுப்பவர்கள் எழுதுங்கள்.

#2 – வடகிழக்கு_வாசகர்

துருத்தி விஷயத்தை வாசிப்பவர்களிடம் விட்டுவிடுகிறேன். ‘அரசர்’ பட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் ‘பயாவோவைக் கண்டுபிடித்தவர்’ என்ற பேச்சைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். பயாவோ அவருக்கு முன்பே இருந்தது. செர்த்தாவோ என்கிற வறண்ட உள்நாட்டில், பாட்டுப் போட்டி நடத்தும் வியோலா (கிடார் போன்ற கம்பிக் கருவி) வாசிப்பாளர்கள் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் தட்டி நிரப்பும் தாளத் துணுக்கு அது. 1945 ஆகஸ்டில் கொன்ஸாகா உம்பெர்த்து தெய்ஷேராவைச் சந்தித்தார். சியாராவின் இகுவாட்டு ஊர்க்காரர், தொழிலால் வழக்கறிஞர். வடகிழக்கு இசையில் எதை எடுத்தால் நகரத்து வானொலிக்கு நிற்கும் என்று இருவரும் உட்கார்ந்து பேசித் தேர்ந்தெடுத்ததுதான் பயாவோ. 1946-ல் ‘பயாவோ’ என்ற பெயரிலேயே பாட்டு வந்தது. அதை முதலில் பாடிப் பதிந்தது குவாத்ரோ ஆசெஸ் இ உம் கொரிங்கா குழு, பெட்டி கொன்ஸாகா.

கண்டெடுத்தார், வடிவம் கொடுத்தார், நாடு முழுக்கக் கொண்டு போனார். இது குறைந்த சாதனை இல்லை. ஆனால் பெயர் தெரியாத வியோலாக்காரர்களின் கணக்கையும் அவர் பெயரில் எழுதக் கூடாது.

#3 – துருத்திப்பெட்டி

ஒப்புக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: தாளம் பழையது, குழு அமைப்பு அவருடையது. அக்கார்டியன், ஸபும்பா என்கிற பெரிய இருபக்க முரசு, முக்கோணக் கம்பி என்ற மூவர் அணியை நிலைநிறுத்தியவர் அவர். ஸபும்பா, கிராமத்துப் புல்லாங்குழல் குழுக்களிலிருந்து வந்தது. முக்கோணக் கம்பி, தெருவில் தின்பண்டம் விற்பவர்கள் கூப்பிடத் தட்டியது. 1940-களின் தொடக்கப் பதிவுகளில் ரியோ ஸ்டுடியோக்களின் வழக்கப்படி கிடாரும் கவக்கின்யோ என்ற சின்னக் கிடாரும் பின்னணியில் இருக்கும். மூவர் அணி அதற்குப் பிறகுதான் உறுதியாகிறது. இன்று வடகிழக்கில் எந்தச் சின்ன ஊர் ஆட்டத்துக்குப் போனாலும் அந்த மூன்று கருவிதான்.

ஏன் நிலைத்தது என்றால் மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதில்லை. அடி ஒலி ஸபும்பாவுக்கு, உச்சி ஒலி கம்பிக்கு, நடுப்பகுதி முழுவதும் பெட்டிக்கும் குரலுக்கும். மைக் இல்லாத மண் தரையில்கூட மூன்றும் தனித்தனியாகக் கேட்கும்.

#4 – இடதுகை_120

தாளத்தைத் தெளிவாக எழுதினால் வாசிக்க முயல்பவர்களுக்கு உதவும். பயாவோ இரண்டு அடி மெஷர். ஒவ்வொரு அடியையும் நான்காகப் பிளந்தால் எட்டு எண். ஸபும்பாவின் மேல் தோலில் துணி சுற்றிய கோல் 1-லும் 4-லும் விழும். கீழ்த் தோலில் மெல்லிய குச்சி இடைவெளிகளில் பதில் சொல்லும், 7-ல் அது தூக்கலாகக் கேட்கும். ஆக மொத்தத்தில் 3+3+2. முக்கோணக் கம்பி எட்டையும் தட்டும். அதில் 3-லும் 7-லும் மட்டும் உள்ளங்கை திறந்து மணி ஒலி, மற்றவை மூடி.

பெட்டியின் இடது கை: 120 பாஸ் என்பது ஆறு வரிசை, வரிசைக்கு இருபது பட்டன். துருத்தியிலிருந்து எண்ணினால் இரண்டாவது வரிசை மூல சுரம், மூன்றாவது மேஜர் கார்டு, நான்காவது மைனர், ஐந்தாவது செவன்த். குழி வைத்த சி பட்டனைத் தடவிக் கண்டுபிடியுங்கள். தாடைப் பக்கம் ஒன்று ஏறினால் ஜி, இன்னொன்று ஏறினால் டி. நான்காம் விரல் ஜி மூல சுரத்தில், மூன்றாம் விரல் ஜி மேஜரில். 1-ல் மூல சுரம், 4-ல் கார்டு. 7 வேண்டுமானால் லேசாகத் தொட்டு எடுக்கலாம், கட்டாயமில்லை.

பெரும்பாலும் கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, வால்ட்ஸ் பழக்கத்தில் பாஸ் பட்டனைப் பிடித்தபடி வைத்திருப்பது. பட்டனை அழுத்தியவுடன் விட வேண்டும்; இல்லையென்றால் அடி ஒலி நீண்டு ஸபும்பாவை அமுக்கிவிடும். இரண்டு, 4-ஐ 5-க்குத் தள்ளி வாசிப்பது. ஒரு எண் நகர்ந்தால் போதும், பயாவோ மறைந்து மார்ச் வந்துவிடும். மெட்ரோனோமை நிதானமாக வைத்து வாயால் எட்டும் எண்ணிப் பழகுவதுதான் வழி.

கொன்ஸாகாவின் இடது கை சிக்கனமானது என்று சிலர் குறையாகச் சொல்வார்கள். ஸபும்பா இருக்கும் அணியில் சிக்கனம்தான் சரி.

#5 – பண்_ஆராய்ச்சி

சுர அமைப்பைப் பற்றி ஒரு குறிப்பு. வடகிழக்குப் பாட்டுகளில் அடிக்கடி வரும் வரிசை நம் கணக்கில் ஹரிகாம்போதியின் சுரங்கள், அதாவது மேஜரில் நிஷாதம் மட்டும் இறங்கியது. சில மெட்டுகளில் மத்தியமமும் ஏறிவிடும்; அப்போது வாசஸ்பதியின் ஏழு சுரம். சுரம் ஒன்று என்பதால் ராகம் ஒன்று ஆகாது. கமகமும் இல்லை, பிடிகளும் வேறு. கேட்டு அடையாளம் காண இந்தக் கணக்கு உதவும், அவ்வளவே.

அக்கார்டியனில் இதற்கு வசதி அதிகம். ஜி-யில் நின்றால் இறங்கிய நிஷாதம் எஃப். இடது கையில் ஜி-யிலிருந்து கீழே இரண்டு பட்டன் தள்ளி எஃப் மேஜர். ஜி–எஃப்–ஜி என்று போய்வந்தால் போதும். டி செவன்த்தைத் தொட்டால் பாட்டு உடனே ரியோ வால்ட்ஸ் பக்கம் சாய்ந்துவிடும். கொன்ஸாகாவின் ‘ஆஸா பிராங்கா’ பாட்டு இரண்டையும் கலந்தது: பாடும் அடிகள் மேஜரில் ஜி, சி, டி செவன்த் என்று போகும், இடையில் பெட்டி மட்டும் வாசிக்கும் துணுக்கில் எஃப் எட்டிப் பார்க்கும்.

#6 – புதுவிரல்

அய்யா, ஒரு சந்தேகம். #1-ல் துருத்தி அப்பாவுடையது என்று சொன்னீர்கள். பியானோ அக்கார்டியனில் இழுத்தாலும் தள்ளினாலும் ஒரே சுரம்தானே? பிறகு துருத்தியில் எப்படி வித்தியாசம் வரும்? நான் கட்டையை அழுத்தி அடித்துப் பார்க்கிறேன், அழுத்தம் எழவே இல்லை.

#7 – துருத்திப்பெட்டி

தம்பி, அக்கார்டியனில் கட்டையை எவ்வளவு பலமாக அடித்தாலும் ஒலி கூடாது. கட்டை ஒரு வால்வைத் திறக்கிறது, அவ்வளவுதான் அதன் வேலை. அழுத்தம் முழுவதும் காற்றில், அதாவது இடது கையில்.

எட்டு பாஸ் பெட்டியில் வலது பக்கம் வழக்கமாக 21 பட்டன், இரண்டு வரிசை. ஒவ்வொரு பட்டனும் இழுத்தால் ஒரு சுரம், தள்ளினால் வேறு சுரம். அதனால் மெட்டு ஓடும்போதே துருத்தி திசை மாறிக்கொண்டே இருக்கும். திசை மாறும் ஒவ்வொரு இடத்திலும் மிகச் சின்ன வெட்டு விழும். அந்த வெட்டுகள்தான் ஜனுவாரியோ தலைமுறையின் ஆட்ட வாசிப்புக்கு உயிர். பியானோ அக்கார்டியனில் அந்தக் கட்டாயம் இல்லை. நீளமாக இழுத்துக்கொண்டே வழவழப்பாக வாசிக்கலாம், ஐரோப்பிய வால்ட்ஸ் அப்படித்தான் போகும். கொன்ஸாகா கட்டாயம் இல்லாத இடத்திலும் துருத்தியை வெட்டினார். ‘விரா இ மெஷி’யைக் கேளுங்கள்: வேகமான சுரங்கள் சங்கிலியாக ஓடாமல் இரண்டும் மூன்றுமாக மூச்சுவிட்டு வருவது தெரியும்.

பயிற்சி இப்படி. துருத்தியை ஏறக்குறைய மூடி வையுங்கள், இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் திறந்திருக்கட்டும். ஒரே ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு இழு–தள்ளு–இழு–தள்ளு என்று எட்டு எண்ணுக்கும் செய்யுங்கள். முதலில் எட்டும் சமமாக வர வேண்டும். பிறகு 1, 4, 7-ல் மட்டும் காற்றைக் கூட்டுங்கள். துருத்தி மெல்ல மெல்ல அகலமாகிக்கொண்டே போனால் இழுப்பு தள்ளலைவிடப் பலமாக இருக்கிறது என்று பொருள்; குறுகி முட்டினால் தள்ளல் பலம். இடது தோள் உயர்ந்தால் நிறுத்திவிடுங்கள், அசைவு முன்கையில் இருக்க வேண்டும். இடது கைவார் தளர்வாக இருந்தால் கை நகர்ந்த பிறகுதான் பெட்டி நகரும், 4-ஆம் எண் எப்போதும் தாமதமாகும். வாரை இறுக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

#8 – மெழுகும்_ரீடும்

பெட்டியின் உள்பக்கத்தையும் பார்க்க வேண்டும். 41 கட்டை, நான்கு குரல் (ஒரு கட்டைக்கு ஒன்றாக ஒலிக்கும் நான்கு ரீடு) உள்ள பியானோ அக்கார்டியனில், இழுப்புக்கு ஒன்று தள்ளலுக்கு ஒன்று என்று வலப்பக்கம் மட்டும் 41×4×2 = 328 ரீடு நாக்குகள், அதாவது காற்றில் அதிரும் உலோகப் பட்டைகள். 21 பட்டன், இரண்டு குரல் உள்ள எட்டு பாஸ் பெட்டியில் 21×2×2 = 84. சாலை வசதி இல்லாத ஊரில் ஒரு விவசாயி தன் வீட்டிலேயே பழுது பார்க்க முடிந்ததற்கு இந்த எண்ணிக்கையே காரணம் சொல்லும். 84 நாக்கை ஒரு ஆள் காதை வைத்துச் சுருதி சேர்த்துவிடலாம்.

சுருதி ஏற்ற நாக்கின் நுனியைச் சுரண்ட வேண்டும், இறக்க அடிப்பக்கத்தை. நுனி லேசானால் வேகமாக அதிரும், அடி மெலிந்தால் விறைப்பு குறையும். ஒரே பட்டனின் இரண்டு குரலையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க வேண்டும், அதுவும் வாசிக்கும் அளவு காற்று கொடுத்து. மெல்ல ஊதிச் சேர்த்தால் ஆட்டத்தில் பலமாக இழுக்கும்போது கீழே விழும். அதிகம் சுரண்டினால் நாக்கு சில மாதத்தில் முறியும்.

வறண்ட வெப்பம் பெட்டிக்கு எதிரி. ரீடு தகடுகளை மரக்கட்டையில் ஒட்டுவது தேன்மெழுகும் கொஞ்சம் ரோசினும் சேர்ந்த கலவை. வெயிலில் நிறுத்திய வண்டியில் பெட்டியை விட்டால் மெழுகு இளகித் தகடு சரியும். தோல் வால்வுகள் காய்ந்து சுருண்டால் காற்று ஒழுகும். அந்தச் சுரம் தாமதமாகப் பேசும், பக்கத்தில் ‘சட்’டென்று ஒரு ஒலி கேட்கும். பழைய பெட்டி வாங்குபவர்கள் முதலில் எந்தக் கட்டையும் அழுத்தாமல் துருத்தியை இழுத்துப் பாருங்கள். தானாகத் திறந்தால் ஒழுக்கு உண்டு.

பெட்டிகள் இத்தாலியிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்தன. பிறகு தென்கோடியில் ரியோ கிராண்டே டோ சுலின் பென்டோ கொன்சால்வெஸில் டொடெஸ்கினி தொழிற்சாலை வந்தது. இத்தாலியக் குடியேறிகளின் ஊர் அது. வடகிழக்கு மேடைகளில் அந்தப் பெயர் பொறித்த பெட்டிகளை நிறையப் பார்க்கலாம்.

#9 – வடகிழக்கு_வாசகர்

எட்டு பாஸ், 120 பாஸ் விவாதத்துக்குக் கொன்ஸாகாவே பதில் எழுதி வைத்திருக்கிறார். 1946-ல், பதினாறு ஆண்டு கழித்து எஷுவுக்குத் திரும்பினார். பிறகு தெய்ஷேராவோடு சேர்ந்து ‘ஹெஸ்பெய்த்தா ஜனுவாரியோ’ செய்தார். மகன் பளபளக்கும் பெரிய பெட்டியோடு வந்து நிற்கிறான். ஊரார், உன் அப்பாவின் எட்டு பாஸுக்கு மரியாதை கொடு என்கிறார்கள். புகழின் உச்சியில் இருந்தவர் தன்னைவிட அப்பா பெரிய வாசிப்பாளர் என்று இசைத்தட்டில் பதிந்து நாடு முழுக்க விற்றார். அதனால்தான் ஜனுவாரியோவின் பெயர் இன்றும் எல்லாருக்கும் தெரிகிறது.

பாட்டுகளின் பின்னால் இருந்த இருவரையும் மறக்கக் கூடாது. தெய்ஷேராவோடு ‘ஆஸா பிராங்கா’ பதிவானது 3 மார்ச் 1947. வறட்சி முற்றும்போது செர்த்தாவோவை விட்டுப் பறந்துபோகும் ஒரு காட்டுப் புறாவின் பெயர் அது. புறாவே போன பிறகு மனிதன் எப்படி நிற்பான்? லாரியின் பின்பக்கப் பலகையில் உட்கார்ந்து சாவோ பாவ்லோவுக்கும் ரியோவுக்கும் போன லட்சக்கணக்கானவர்களுக்கு அது சொந்தக் கதை. இன்னொருவர் ஸே டாந்தஸ், பெர்னாம்புகோவின் கர்னாய்பா ஊர்க்காரர், மருத்துவர். 1953-ல் வந்த ‘வோஸெஸ் டா சேக்கா’ அவரோடு செய்தது. பிச்சை வேண்டாம், வேலையும் அணையும் கொடுங்கள் என்று அரசாங்கத்தைப் பார்த்துக் கேட்கும் பாட்டு. டாந்தஸ் 1962-லேயே இறந்துவிட்டார். வார்த்தைகள் பெரும்பாலும் இவர்களுடையவை. மெட்டும் மண்ணின் பேச்சு வழக்கும் மேடையும் கொன்ஸாகாவுடையவை. மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பெருமை.

1964-ல் பதிந்த ‘ஆ திரிஸ்தி பார்த்திடா’ கவிஞர் பதாதிவா டோ அசாரேயுடையது. நீளமான பாட்டு, ஒரு குடும்பம் மழைக்குக் காத்திருந்து, காத்திருந்து, மாட்டை விற்றுக் கிளம்புவதைப் படிப்படியாகச் சொல்லும். அவசரத்தில் கேட்காதீர்கள்.

#10 – மேடைக்குறிப்பு

தோல் தொப்பி பற்றி யாரும் சொல்லவில்லையே. ரியோவில் பெட்ரோ ஹைமுண்டோ என்ற தென்பகுதி அக்கார்டியன்காரர் தன் பகுதி மாட்டுக்காரர் உடையில் மேடையேறுவார். அதைப் பார்த்துத்தான் வடகிழக்குக்கும் ஒரு உடை வேண்டும் என்று கொன்ஸாகா முடிவெடுத்தார். லாம்பியோன் போன்ற கங்காசெய்ரோ கொள்ளைக்காரர்களின் மடித்த தோல் தொப்பி, வாகெய்ரோ மாட்டுக்காரர்களின் தோல் அங்கி. நகரத்தார் கேலி செய்த உடை அது. வானொலி நிலையத்திலேயே எதிர்ப்பு இருந்தது. அவர் கழற்றவில்லை.

வாகெய்ரோக்களோடு உறவு உடையோடு நிற்கவில்லை. கொன்ஸாகாவின் உறவினரான ஹைமுண்டோ ஜாகோ என்ற வாகெய்ரோ 1954-ல் கொல்லப்பட்டார்; நியாயம் கிடைக்கவில்லை. அவருக்காகக் கொன்ஸாகா ஒரு பாட்டு பாடினார், பிறகு பாதிரியார் ஜோவாவ் கன்சியோவோடு சேர்ந்து செர்ரிட்டாவில் வாகெய்ரோக்களின் திறந்தவெளி ஆராதனையைத் தொடங்கினார். குதிரையும் தோல் உடையுமாக அது இன்றும் நடக்கிறது.

சரிவும் இருந்தது. 1950-களின் இறுதியில் போஸா நோவா என்ற புது நகரத்து இசை வந்ததும் தெற்கு நகரங்கள் அவரை மறந்தன. உள்நாட்டு ஊர்களும் சந்தைகளும்தான் சோறு போட்டன. திருப்பிக் கொண்டுவந்தது அடுத்த தலைமுறை. ஜில்பெர்த்து ஜில் தன் இளமையின் முதல் ஆதர்சமாக அவரைச் சொன்னார். காயெதானோ வெலோசோ லண்டனில் நாடு கடந்து வாழ்ந்தபோது 1971-ல் ‘ஆஸா பிராங்கா’வைப் பதிந்தார். 1972-ல் ரியோவின் தெரெசா ஹாக்கெல் அரங்கில் நகரத்து இளைஞர்கள் முன் கொன்ஸாகா மீண்டும் வாசித்தார். பீட்டில்ஸ் குழு ‘ஆஸா பிராங்கா’வைப் பதிந்ததாக இன்றும் பகிர்கிறார்கள், கார்லோஸ் இம்பெரியால் கிளப்பிவிட்ட புரளி அது, நம்பாதீர்கள்.

#11 – இடதுகை_120

கொன்ஸாகாவுக்குப் பின் வந்த அக்கார்டியன் மரபு என்றால் டொமிங்கின்யோஸிலிருந்து தொடங்க வேண்டும். 1941-ல் கரன்யுன்ஸில் பிறந்தவர். அவர் அப்பாவும் எட்டு பாஸ் வாசிப்பவர், சுருதி சேர்ப்பவர். சின்னப் பையனாக ஓட்டல் வாசலில் வாசித்துக்கொண்டிருந்தபோது கொன்ஸாகா கண்ணில் பட்டார். 1954-ல் ரியோ பக்கம் வந்ததும் கொன்ஸாகா ஒரு பெட்டியைக் கொடுத்தார். பெயரும் அவர் வைத்ததே, தன் ஆசிரியர் டொமிங்கோஸ் அம்ப்ரோசியோவின் நினைவாக. கொன்ஸாகா தன் வாரிசு என்று வெளிப்படையாகச் சொன்னது இவரைத்தான்.

வாசிப்பில் வேறுபாடு தெளிவு. டொமிங்கின்யோஸ் வலது கையில் ஜாஸ் கார்டுகளைக் கொண்டுவந்தார், துருத்தி நீண்டு ஓடும். அனஸ்தாசியாவோடு செய்த ‘எவ் சோ கேரோ உம் ஷொடோ’வில் கேட்கலாம். சிவூக்கா இன்னொரு திசை: பரைபாவின் இதபயானாவில் 1930-ல் பிறந்தவர், இசைக்குழுவுக்கு எழுதத் தெரிந்தவர், தென்னாப்பிரிக்கப் பாடகி மிரியம் மகேபாவோடு உலகம் சுற்றியவர். விரல் வேகத்தில் இருவரும் கொன்ஸாகாவைத் தாண்டியவர்கள் என்பது என் கருத்து. ஆனால் ஆட்டக்காரரின் காலை எழுப்பும் 4-ஆம் எண்ணின் இடி கொன்ஸாகாவிடம்தான்.

1990-களில் மஸ்த்ருஸ் கோம் லெய்த்தி போன்ற குழுக்கள் கீபோர்டும் டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிடாரும் வைத்து ஃபொஹோவை (பயாவோ, ஷொத்தி போன்ற வடகிழக்கு ஆட்ட இசைக்கான பொதுப் பெயர்) பெரிய மேடைக்குக் கொண்டுபோயின. மூவர் அணிப் பாணி, ‘பெ டி செஹா’ என்ற அடைமொழியோடு தனியாக நின்றது. 2021 டிசம்பரில் ஃபொஹோவை பிரேசில் தன் பண்பாட்டு மரபாகப் பதிவு செய்தது. கொன்ஸாகாவின் பிறந்தநாளான டிசம்பர் 13 அங்கே தேசிய ஃபொஹோ தினம், 2005-லிருந்து சட்டப்படி.

#12 – புதுவிரல்

வார் இறுக்கியதும் 4-ஆம் எண் சரியாக விழுகிறது, நன்றி அய்யா. எந்த வரிசையில் கேட்டுப் பழகலாம்?

#13 – துருத்திப்பெட்டி

‘விரா இ மெஷி’ முதலில், துருத்திக்காக. பிறகு ‘பயாவோ’, எட்டு எண்ணைக் கையால் தட்டியபடி. ‘ஆஸா பிராங்கா’வின் 1947 பதிவை அதற்குப் பிறகு எடுங்கள். அதை அவர் தொவாடா என்ற நிதானமான பாட்டு வடிவில் பாடியிருப்பார். பின்னாளில் வந்த துள்ளல் வடிவங்களைக் கேட்டுவிட்டுப் போனால் ஏமாற்றமாக இருக்கும், அதனால் அவற்றை ஒதுக்கிவிட்டு இதைக் கேளுங்கள். ‘ஹெஸ்பெய்த்தா ஜனுவாரியோ’. ‘ஷொத்தி தாஸ் மெனினாஸ்’ வந்ததும் வேகம் இறங்கும். ஷொத்தி தாளத்தில் ஸபும்பா வேறு மாதிரி விழும். அங்கே பயாவோ பிடியை வைக்காதீர்கள். கடைசியாக, மகன் கொன்ஸாகின்யாவோடு சேர்ந்து பாடிய ‘ஆ வீடா டோ வியாஜான்தி’. நீண்ட காலம் மனத்தாங்கலோடு விலகி இருந்த இருவர் 1980-ஐ ஒட்டி ஒன்றாக ஊர் ஊராகச் சுற்றியபோது பாடியது.

அப்பா கொன்ஸாகா 2 ஆகஸ்ட் 1989-ல் ரெசீஃபியில் இறந்தார், எஷுவில் அடக்கம். மகன் 1991 ஏப்ரலில் கார் விபத்தில் போய்விட்டார். எஷுவில் கொன்ஸாகாவே தொடங்கிய பார்க்கி ஆஸா பிராங்காவில் அருங்காட்சியகம் இருக்கிறது; பெட்டிகளும் தோல் உடைகளும் அங்கே உள்ளன.

எட்டு பாஸ் கற்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: வடகிழக்கில் ‘டிரான்ஸ்போர்ட்டாடா’ என்ற தனிச் சுருதி அமைப்பு புழக்கத்தில் உண்டு. கடையில் வாங்கும் சாதாரண இரண்டு வரிசைப் பெட்டியில் அந்த வாசிப்பாளர்களின் விரலைப் பார்த்து நகலெடுத்தால் சுரம் மாறிவரும். பெட்டி எந்த அமைப்பில் இருக்கிறது என்று ஒவ்வொரு பட்டனையும் இழுத்தும் தள்ளியும் எழுதிக்கொண்டு, பிறகு விரல் வையுங்கள்.